தாமிரபரணி முதல் நைல் வரை: விடுதலை இயக்கங்கள் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

நாட்டு விடுதலை வரலாற்றை நம் மாணவர்கள் பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே பயின்று வருகின்றனர். வ. உ. சிதம்பரனார் என்றவுடன் கப்பலும் செக்கும் நினைவுக்கு வருகின்றன. வாஞ்சிநாதன் என்றவுடன் மணியாச்சி நினைவுக்கு வருகிறது. தியாகிகளைப் போற்றுவது நம் கடமையே. ஆயினும், ஒருவரின் தியாகத்தை மட்டும் நினைந்து நின்றுவிட்டால், அவரோடு நின்றவர்கள் யாவர், விலகி நின்றவர்கள் யாவர், விலக்கி வைக்கப்பட்டவர்கள் யாவர் என்னும் வினாக்கள் எழாமலே போய்விடும்.

அவ்வினாக்கள் எழவேண்டுமாயின் ஓர் இயக்கத்தை மற்றோர் இயக்கத்தின் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒப்பிடுதல் என்பது இதனினும் அது சிறந்தது என்று மதிப்பெண் வழங்குவதன்று. ஒரே வகையான அடிமைத்தனத்துக்கு ஆட்பட்ட மக்கள் வெவ்வேறு இடங்களில் எவ்வாறு எழுந்தனர், எங்கே வென்றனர், எங்கே இடறினர் என்று காண்பதே அதன் பயன். அவ்வகையில், 1906 முதல் 1911 வரை திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்த எழுச்சியை இலங்கை, இந்தோனேசியா, எகிப்து ஆகிய மூன்று நாடுகளின் இயக்கங்களோடு இக்கட்டுரை ஒப்பிட முயல்கிறது. ஓர் இயக்கம் யாரை எதிர்த்தது என்பதைப் போலவே, யாரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது என்பதும் அதன் விளைவை முடிவு செய்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பார்வை

தாமிரபரணியின் ஒரு கரையில் அம்பாசமுத்திரமும் மறுகரையில் கல்லிடைக்குறிச்சியும் அமைந்துள்ளன. ஆற்றுநீரும் கன்னடியன் கால்வாயும் வளப்படுத்தும் வயல்கள் சூழ்ந்த ஊர். அப்பளத்தால் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர். அயலாட்சி என்பது எங்கோ சென்னையிலும் இலண்டனிலும் மட்டும் இருந்த ஒன்றன்று என்பதை உணர்த்த இவ்வூரின் சுற்றுப்புறத்திலிருந்தே இரண்டு சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, ஆலை. இவ்வூருக்கு மேற்கே, பாபநாசம் அருவி நீரின் ஆற்றலைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் ஆர்வி சகோதரர்கள் 1880களில் நூற்பாலை ஒன்றை நிறுவினர். அவர்களது மற்றோர் ஆலையே தூத்துக்குடியின் கோரல் ஆலை. இரண்டாவது, இருப்புப்பாதை. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902-ஆம் ஆண்டிலும், அங்கிருந்து செங்கோட்டை வரை 1903-ஆம் ஆண்டிலும் இரயில் வந்தது. இதனால் மலையடிவாரத்து ஊர்களும் தூத்துக்குடித் துறைமுகமும் ஒரே கம்பியில் கோக்கப்பட்டன. துறைமுகத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் கடல்வழியோ பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. வணிகத்துக்குச் சென்றவரும் தேயிலைத் தோட்டக் கூலிவேலைக்குச் சென்றவரும் அக்கம்பெனிக்கே கட்டணம் செலுத்தியாக வேண்டியிருந்தது.

ஆலையும் இரயிலும் கப்பலும் தம்மளவில் தீயன அல்ல. அவற்றின் கடிவாளம் யார் கையில் இருந்தது என்பதே வினா. நாம் ஒப்பிடப் போகும் பிற நாடுகளிலும் நிலைமை இதுவே. சாவகத் தீவில் டச்சுக்காரருக்குக் கரும்பும் சர்க்கரையும்; எகிப்தில் ஆங்கிலேயருக்குப் பருத்தியும் சூயஸ் கால்வாயும்; இலங்கையில் அதே ஆங்கிலேயருக்குத் தேயிலை. பண்டம் வேறுபட்டது, பிடி வேறுபடவில்லை.

தூத்துக்குடி: விரிந்த வட்டம்

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததிலேயே ஒரு நோக்கம் புலப்படுகிறது. பெருநிலக்கிழாரும் பெருவணிகரும் மட்டுமல்லாமல், ஓரளவு வசதி படைத்த நடுத்தர மக்களும் பங்குதாரராகலாம் என்பதே அது.

நிறுவனத்தின் தலைவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்; 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட அதே புரவலர். செயலாளர் ஜனாப் ஹாஜி முகமது பக்கீர் சேட். இவர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கான பங்குகளை ஏற்றார். மொத்த மூலதனத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. துணைச் செயலாளர் பொறுப்பிலிருந்து ஓயாது உழைத்தவர் வழக்கறிஞர் சிதம்பரனார். தமிழ்ப் புரவலரும் முஸ்லிம் வணிகரும் வழக்கறிஞரும் ஒரே நிறுவனத்தின் பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டனர் என்பது நம் சமுதாயத்து இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்தத்தக்க செய்தியாகும்.

இதனினும் சிறப்பு, அந்நிறுவனத்தின் குறிக்கோள்களில் காணப்படுகிறது. இந்தியர், இலங்கையர் மட்டுமல்லாமல் பிற ஆசிய நாட்டாருக்கும் கப்பலோட்டும் தொழிலைக் கற்பிப்பதும், அதன் பயனை அவர்கள் நுகரச் செய்வதும் நோக்கங்களாகக் கூறப்பட்டன. கடலின் மறுகரையில் உள்ளவரையும் தம்மவராக எண்ணிய பார்வை இது. முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல் எதிர்ப்பினால் கைவிட்டுப் போனபோது, சிதம்பரனார் கொழும்புக்கே சென்று வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்தார். பின்னர் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாக வாங்கப்பட்டன.

வட்டம் வணிகரோடு நின்றுவிடவில்லை. 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களின் கோரிக்கைகள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். மார்ச்சு முதல் வாரத்தில் நிருவாகம் இணங்கி வந்தது. நாட்டுப்பற்று மேடைப் பேச்சிலிருந்து ஆலைக் கூலியின் அன்றாட வாழ்வுக்குள் இறங்கி வந்த தருணம் அது. ஆட்சியாளர் அஞ்சியதும் அப்போதுதான். கப்பல் ஓடியபோது போட்டியை ஏவியவர்கள், தொழிலாளர் எழுந்தபோது கைவிலங்கை எடுத்தனர்.

மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. கடைகள் மூடப்பட்டன, மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினர், நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் காவல் நிலையமும் தாக்குதலுக்கு உள்ளாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காக அன்று, தலைவர்களின் கைதைக் கண்டித்து. இயக்கத்தை எதிர்த்தவர்களுக்குச் சவரத் தொழிலாளரும் சலவைத் தொழிலாளரும் பணி செய்ய மறுத்த செய்திகளையும் அக்கால வரலாறு கூறுகிறது. பெயர் தெரியாத இம்மனிதர்களே அவ்வெழுச்சியின் உடல். இந்நிகழ்ச்சிகளை விரிவாக ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்னும் நூலுக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டமை, மக்களின் பங்கை நோக்கி ஆய்வுலகம் திரும்பியுள்ளதைக் காட்டுகிறது.

மணியாச்சி: சுருங்கிய வட்டம்

வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே 1908 சூலையில் சிதம்பரனாருக்கு நாற்பதாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. நகர மக்கள் மீது தண்டக் காவற்படையும் அதற்கான வரியும் சுமத்தப்பட்டன. வழிநடத்துவோரை இழந்த கப்பல் நிறுவனம் நலிந்து, 1911-இல் கலைக்கப்பட்டது. பொதுக்கூட்டம், பத்திரிகை, வணிகம், வேலைநிறுத்தம் என வெளிப்படையான கதவுகள் யாவும் அடைக்கப்பட்டன.

வெளிக்கதவு அடைபட்டால் உள்ளறையில் கூட்டம் கூடும். நீலகண்ட பிரம்மச்சாரியின் முயற்சியால் உருவான இரகசியச் சங்கத்தின் தொடர்புகள் தூத்துக்குடி, செங்கோட்டை முதலிய ஊர்களில் பரவின. 1911 சூன் 17-ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் மாவட்ட ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

வாஞ்சியின் துணிவை யாரும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் ஒப்பாய்வு செய்வோர் ஒன்றைக் காணாமல் விட முடியாது. அவரிடம் கிடைத்த கடிதம் சனாதன தருமத்தின் பெயரால், மிலேச்சரை எதிர்த்து எழுதப்பட்டிருந்தது. 1906-இல் கப்பல் விட்டவர்களின் மொழி இதுவன்று. பக்கீர் சேட்டும் கோரல் ஆலைத் தொழிலாளியும் அந்தப் பழைய மொழிக்குள் இயல்பாக இடம் பெற்றனர். இந்தப் புதிய மொழிக்குள் அவர்களுக்கு இடம் ஏது? இரகசியம் என்பது தன் இயல்பிலேயே உறவினரையும் நெருங்கிய நண்பரையும் மட்டுமே நம்பும். எனவே அதன் வட்டம் சுருங்கியது. வட்டம் சுருங்கியதால் மொழியும் சுருங்கியது. இதற்கு முதற்காரணம் வெளிக்கதவை அடைத்த ஆட்சியே என்பதையும் உடன் கூற வேண்டும்.

இலங்கை: மறுகரையின் பாடம்

சிதம்பரனாரின் கப்பல் சென்று சேர்ந்த மறுகரையிலும் அக்காலத்தில் தேசிய உணர்வு அரும்பிக்கொண்டிருந்தது. பௌத்த மறுமலர்ச்சியும் மதுவிலக்கு இயக்கமும் அதன் தொடக்கம். அநகாரிக தர்மபாலர் அதன் ஓங்கிய குரல். அயலாட்சியால் சிறுமைப்பட்ட சிங்கள மக்களுக்கு அவர் தன்மான உணர்வை ஊட்டினார். ஆனால் அவ்வுணர்வு ஆங்கிலேயரை நோக்கியதைப் போலவே, அருகில் கடை வைத்திருந்த அயலவரையும் நோக்கியது. தமிழகக் கரையிலிருந்து சென்று வணிகம் செய்துவந்த முஸ்லிம்களான கரையோரச் சோனகர் அப்பார்வையில் சுரண்டுவோராகத் தோன்றினர்.

1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவியது. பள்ளிவாசல்களும் முஸ்லிம்களின் கடைகளும் தாக்கப்பட்டன. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையிட்டது. பின்னாளில் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்காவும் அவர்களுள் ஒருவர். இராணுவச் சட்டத்தின் கொடுமைகளைச் சட்டசபையில் கண்டித்துச் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன் என்னும் தமிழர். அவ்வாதத்தால் சிங்கள மக்கள் அவரைக் கொண்டாடினர். தம் இழப்பு மறக்கப்பட்டதாக முஸ்லிம்கள் வருந்தினர். ஒரே நிகழ்ச்சியில் மூன்று சமூகங்கள் மூன்று நினைவுகளைச் சுமந்து பிரிந்தன.

1919-இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் இராமநாதனின் தம்பி பொன்னம்பலம் அருணாசலம். ஒற்றுமைக்கு அது நல்ல தொடக்கம். ஆயினும் மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓரிடம் என்னும் சிக்கலில் மனக்கசப்பு ஏற்பட்டு, 1921-இல் அவர் விலகினார். 1948 பிப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை பெரிதும் பேச்சுவார்த்தை வழியாகவே விடுதலை பெற்றது. ஆனால் அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர்களின் எண்ணிக்கை 9,75,000 எனக் கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும், எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் உடன்பாடு கண்டனர். மனிதர்கள் எண்களாகப் பங்கிடப்பட்டனர்.

இரத்தம் சிந்தாமல் பெற்ற விடுதலை என்று இலங்கையின் விடுதலையைப் புகழ்வோர் உண்டு. விடுதலை நாளில் சிந்தாத இரத்தம் பின்னர் எத்தனை ஆண்டுகள் சிந்தியது என்பதை நம் தலைமுறை நன்கறியும். ‘இந்நாட்டார் யாவர்?’ என்னும் வினாவுக்கு விடுதலைக்கு முன்பே பரந்த விடை காணாத இயக்கம், விடுதலைக்குப் பின் அதற்கு விலை கொடுக்க நேரும் என்பதே மறுகரை தரும் பாடம்.

சாவகம்: சமயத்தில் தொடங்கி மொழியில் விரிந்தது

தமிழிலக்கியம் சாவகம் எனக் குறிக்கும் தீவை உள்ளடக்கிய இந்தோனேசியாவில், திருநெல்வேலி எழுச்சி நிகழ்ந்த அதே 1908-ஆம் ஆண்டு மே 20-இல் ‘புடி உத்தோமோ’ என்னும் அமைப்பு தோன்றியது. அந்நாள் இன்றும் அந்நாட்டில் தேசிய விழிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அது சாவகத்தின் கற்றவர் குழுவோடு நின்றது. பெருந்திரளான மக்களை ஈர்த்தது அதற்கடுத்து எழுந்த ‘சரேக்கத் இஸ்லாம்’ என்னும் இயக்கமே.

அதன் தொடக்கம் நம் சுதேசிக் கப்பலை நினைவூட்டுவது. சுரகார்த்தா நகரில் ஹாஜி சமன்ஹூதி என்னும் பாத்திக் துணி வணிகர், தம்மையொத்த வணிகரின் நலங்காக்க ஒரு சங்கம் கண்டார். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் தறியின் ஓசை கேட்டு வளர்ந்தோர்க்குத் துணி வணிகரின் கவலை விளங்காமற் போகாது. 1912-இல் அச்சங்கம் சரேக்கத் இஸ்லாம் எனப் பெயர் மாற்றம் பெற்று, சொக்ரோஅமினோத்தோவின் தலைமையில் சில ஆண்டுகளுக்குள் பல இலட்சம் உறுப்பினரைக் கொண்டது. தீவுகள்தோறும் சிதறிக் கிடந்த உழவரையும் சிறுவணிகரையும் ஒன்றிணைக்க மார்க்கப் பிணைப்பு உதவியது என்பதில் ஐயமில்லை.

எனினும் அதன் குறையையும் நாம் மறைத்தலாகாது. சங்கத்தின் தொடக்ககால எதிர்ப்பு டச்சுக்காரரை நோக்கியதைவிடப் போட்டி வணிகரான சீனரை நோக்கியே மிகுதியாக இருந்தது. சுரகார்த்தாவில் மோதல்களும் நிகழ்ந்தன. இலங்கையில் சோனகர் இருந்த இடத்தில் இங்கே சீனர் இருந்தனர். அங்கே தாக்கப்பட்டோர் முஸ்லிம்கள். இங்கே தாக்கியோர் முஸ்லிம்கள். ஒன்றைக் கண்டிக்கும் நாம் மற்றொன்றைக் கண்டும் காணாமல் இருத்தல் நேர்மையாகாது. அயலாட்சியின் கீழ் நசுங்கும் மக்கள், எட்டாத உயரத்தில் உள்ள ஆள்வோரை விட்டு எட்டும் தொலைவில் உள்ள அண்டை வீட்டாரைத் தாக்குவது எல்லா நாடுகளிலும் நேர்ந்த இடறலாகும்.

இந்தோனேசியாவின் சிறப்பு, இவ்விடறலிலிருந்து அது மேலெழுந்த முறையில் உள்ளது. 1928 அக்டோபர் 28-ஆம் நாள் பல தீவுகளின் இளைஞர்கள் கூடி, தாயகம் ஒன்று, நாட்டினம் ஒன்று, ஒன்றுபடுத்தும் மொழி இந்தோனேசிய மொழி என்று உறுதி பூண்டனர். எண்ணிக்கையில் மிக்க சாவக மக்களின் மொழியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. துறைமுகங்களில் பலரும் பேசிப் பழகிய மலாய் மொழியையே அடிப்படையாகக் கொண்டனர். பெரும்பான்மையோர் தம் மொழியைப் பிறர்மீது சுமத்தாமல் விட்டுக்கொடுத்த இந்நிகழ்ச்சி, மொழி பயில்வோர் அனைவரும் சிந்திக்கத்தக்கது.

1945 ஆகஸ்டு 17-இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. அரசியலமைப்பின் முகவுரைக்கென முன்னரே வகுத்த வரைவில், முஸ்லிம்கள் ஷரீஅத்தைப் பின்பற்றும் கடமை பற்றிய தொடர் ஒன்று இருந்தது. கிழக்குத் தீவுகளின் கிறித்தவர்கள் அதனால் அயன்மை உணர்வு கொள்வர் என்று அறிந்த முகமது ஹத்தா முதலிய தலைவர்கள், மறுநாளே முஸ்லிம் தலைவர்களின் இசைவோடு அத்தொடரை நீக்கினர். இறை நம்பிக்கை முதற்கொள்கையாக நின்றது. குறிப்பிட்ட ஒரு மார்க்கத்தாரின் கடமை சட்டமாகவில்லை. பின்னர் நான்காண்டுகள் டச்சுக்காரரோடு போராடி, 1949 டிசம்பர் 27-இல் முழு ஏற்பைப் பெற்றனர். அதற்குப் பின் 1965-இன் படுகொலைகளும் 1975-இல் கிழக்குத் திமோர் மீதான படையெடுப்பும் அந்நாட்டு வரலாற்றில் கறைகளாகப் படிந்தன. விரிந்த வட்டம் தானாகவே விரிந்தபடி இருப்பதில்லை; ஒவ்வொரு தலைமுறையும் அதனைக் காத்தாக வேண்டும்.

எகிப்து: பிறையும் சிலுவையும்

1882 முதல் ஆங்கிலேயரின் பிடியில் இருந்த எகிப்து, திருநெல்வேலியோடு ஒப்பிடுவதற்குப் பெரிதும் பொருந்துவது. 1906 சூனில், தின்ஷவாய் என்னும் சிற்றூரில் ஆங்கில அதிகாரிகள் புறா வேட்டையாடியதால் எழுந்த பூசலில், ஊரார் நால்வர் தூக்கிலிடப்பட்டனர்; வேறு சிலருக்குக் கசையடி தரப்பட்டது. நாடு கொதித்தது. அக்கொதிப்புக்குக் குரல் கொடுத்த முஸ்தஃபா காமில் 1908 பிப்ரவரியில் இளவயதிலேயே காலமானார். சிதம்பரனார் கைதாவதற்கு ஒரு மாதத்துக்கு முன் நிகழ்ந்தது இது.

தூத்துக்குடி மணியாச்சியாகச் சுருங்கியதைப் போலவே எகிப்திலும் ஒரு சுருக்கம் நேர்ந்தது. 1910 பிப்ரவரியில் பிரதமர் பூத்ரோஸ் காலி பாஷா ஓர் இளைஞரால் சுடப்பட்டு இறந்தார். தின்ஷவாய் வழக்கின் தீர்ப்புமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர் என்பது சினத்துக்கு ஒரு காரணம். ஆனால் அவர் காப்டியக் கிறித்தவர். எனவே அக்கொலை அரசியலோடு நில்லாமல் சமயப் பிளவாக மாறியது. 1911-இல் காப்டியர் தனி மாநாடு கூட்டினர். அதற்கு மறுமொழியாக மற்றொரு மாநாடும் கூடியது. வாஞ்சியின் துப்பாக்கி முழங்கிய அதே ஆண்டில் எகிப்து இரண்டாகப் பிளந்து நின்றது.

எட்டாண்டுகளில் அந்நிலை மாறியது. 1919 மார்ச்சு 8-ஆம் நாள் சஅத் ஸக்லூல் கைது செய்யப்பட்டு மால்ட்டாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். மறுநாள் மாணவர்கள் தெருவில் இறங்கினர். இரயில் தொழிலாளர், வழக்கறிஞர், உழவர், மகளிர் என நாடே எழுந்தது. பிறையும் சிலுவையும் ஒருங்கே பொறித்த கொடிகள் பறந்தன. சர்ஜியூஸ் என்னும் காப்டியப் பாதிரியார் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் மேடையில் நின்று உரையாற்றினார். ஸக்லூலின் வஃப்துக் கட்சித் தலைமையில் காப்டியர் பலர் இடம் பெற்றனர். 1911-இன் காயத்தை ஆற்றத் தலைவர்கள் எண்ணித் துணிந்து செய்த செயலின் விளைவு இது.

பொருளாதாரத் துறையிலும் ஓர் ஒப்புமை உண்டு. தூத்துக்குடியில் கப்பல் எதுவோ, எகிப்தில் அது வங்கியாயிற்று. தல்அத் ஹர்ப் 1920-இல் நிறுவிய மிஸ்ர் வங்கி, எகிப்தியரின் பணத்தைக் கொண்டு நூற்பு, நெசவு, கப்பல் முதலிய தொழில்களை வளர்த்தது. சுதேசிக் கப்பல் ஐந்தாண்டில் முடிய, மிஸ்ர் வங்கி நிலைத்தது ஏன்? இரண்டு காரணங்கள் புலனாகின்றன. வங்கி தோன்றியபோது அதன் பின்னால் நாடு தழுவிய எழுச்சி இருந்தது. கப்பல் தோன்றியபோது அவ்வெழுச்சி சென்னை மாகாணத்தின் ஒரு மூலையிலேயே முளைத்திருந்தது. மேலும், கப்பல் நிறுவனத்தின் உயிர்நாடியாக இருந்தவரே அரசியல் தலைவராகவும் இருந்தார். அவரைச் சிறையிட்டதும் இரண்டும் தளர்ந்தன. 1922-இல் எகிப்து பெற்றது பெயரளவு விடுதலையே. ஆங்கிலப் படை முழுதும் வெளியேற 1956 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஒப்பீட்டில் தெளிவன

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் நான்கு உண்மைகள் விளங்கும்.

முதலாவது, இந்நாடுகளில் விடுதலை உணர்வு பெரும்பாலும் கப்பல், துணி, வங்கி என்னும் வாழ்க்கைத் தேவைகளைச் சார்ந்தே மக்களிடம் வேர் பிடித்தது. இரண்டாவது, வணிகரின் பணமும் தொழிலாளரின் கையும் கற்றவரின் நாவும் ஒன்றுசேர்ந்த பொழுதே ஆட்சியாளர் நடுங்கினர். 1908-இன் திருநெல்வேலியும் 1919-இன் எகிப்தும் இதற்குச் சான்று.

மூன்றாவது, ஒடுக்குமுறை இயக்கத்தை அழிப்பதைவிட அதன் உருவத்தை மாற்றுகிறது. வெளிப்படையான வழி அடைபட்ட இடங்களில் இரகசிய வழி பிறந்தது. இரகசிய வழி பெரும்பாலும் ஒரு குழுவின் மொழியையே பேசியது. நான்காவது, சமய உணர்வு மக்களைத் திரட்டவும் வல்லது, பிரிக்கவும் வல்லது. அது ‘நாம்’ என்னும் சொல்லின் எல்லையை விரித்ததா, குறுக்கியதா என்பதே வினா. சாவகத்தில் முதலில் குறுகிப் பின் விரிந்தது. எகிப்தில் பிளந்து பின் கூடியது. இலங்கையில் கூடிப் பின் பிரிந்தது. இந்தியத் துணைக்கண்டமோ 1919–1922 கிலாபத், ஒத்துழையாமை ஆண்டுகளில் ஒன்றாக எழுந்து, 1947-இல் பிரிவினையின் துயரோடு விடுதலை கண்டது. எனவே எந்த நாட்டாரும் பிறரை நோக்கி விரல் நீட்டும் நிலையில் இல்லை.

முடிவுரை

தூத்துக்குடியின் கப்பல் வணிக நோக்கில் தோற்றது. ஆனால், யாரைச் சேர்த்தது என்னும் அளவுகோலால் அளந்தால், அது தன் காலத்து இயக்கங்களில் முன்வரிசையில் நிற்கிறது. ஆங்கிலேயரின் கப்பலுக்கு எதிராக எழுந்த அந்நிறுவனம், இலங்கையரையும் பிற ஆசியரையும் பங்காளிகளாக எண்ணியது; அண்டை வீட்டாரில் எவரையும் பகைவராக்கவில்லை. அம்மரபு நம் மண்ணில் விளைந்தது என்பதே தாமிரபரணிக் கரையினர் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

அப்பெருமை பேச்சோடு நின்றுவிடலாகாது. 1908-இல் தெருவில் இறங்கிய தொழிலாளரும் மாணவரும் சிறுகடைக்காரரும் எந்த ஊரினர், எந்தத் தெருவினர் என்பதை இன்னும் முழுமையாக நாம் தொகுக்கவில்லை. கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும் மேலப்பாளையத்திலும் பழைய வீடுகளின் பெட்டிகளில் பங்குப் பத்திரங்களும் கொழும்புக் கடிதங்களும் வணிகக் கணக்கேடுகளும் உறங்கிக் கிடக்கக் கூடும். கரையான் முந்துவதற்குள் மாணவர்கள் முந்த வேண்டும். அவற்றைப் படியெடுத்து, பெரியோரின் வாய்மொழியைப் பதிவு செய்து, கல்லூரி நூலகத்தில் வைப்பது ஒரு துறையின் ஓராண்டுப் பணியாக அமையலாம். சமுதாயப் பெரியோர்களும் தத்தம் இல்லத்து ஆவணங்களைத் திறந்து காட்டி இளைஞர்களுக்கு உதவ வேண்டும்.

விடுதலை என்பது அயலவரை அனுப்பிவிட்டு நாம் அமரும் நாற்காலியன்று. யார் யாரோடு அமர்வது என்பதை நாள்தோறும் தீர்மானிக்கும் பொறுப்பு அது. நைல் கரையிலும் சாவகத் தீவிலும் இலங்கையிலும் அப்பொறுப்பு நிறைவேறிய நாட்களும் உண்டு, தவறிய நாட்களும் உண்டு. பொருநைக் கரையில் அது 1906-இல் நன்கு தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்வது இன்று கல்வி பயிலும் தலைமுறையின் கையில் இருக்கிறது.